36 வாரம் ஆகியும் குழந்தை தலை திரும்பலயா? அடுத்து என்னென்ன பண்ணலாம்

ஸ்கேன் ரிப்போர்ட்ல ப்ரீச்னு, அதாவது குழந்தையோட தலை மேலயும் பின்பக்கமோ காலோ கீழயும் இருக்குன்னு போட்டிருந்தா மொதல்ல அது எத்தனையாவது வாரத்துல எடுத்ததுன்னு பாருங்க, பாதி பேருக்கு பயம் அங்கயே தீர்ந்துடும். அஞ்சாம் மாசம் எடுக்கற அனாமலி ஸ்கேன்லயே ப்ரீச்னு வந்துடுச்சேன்னு ராத்திரி தூங்காம கூகுள் பண்ணிட்டு இருக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க. அந்த சமயத்துல உள்ள எடம் தாராளமா இருக்கு, குழந்தை காலைல ஒரு பக்கம் சாயங்காலம் ஒரு பக்கம்னு சுத்திட்டே இருக்கும், ஸ்கேன் எடுத்த அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சோ அத எழுதியிருப்பாங்க அவ்ளோதான். 28 வாரத்துல பாத்தா நாலஞ்சு குழந்தைல ஒண்ணு தலைய மேல வச்சுக்கிட்டு தான் இருக்கும். அதுல பெரும்பாலானது தானா திரும்பிடும், நெறமாசம் ஆகும்போது 100-க்கு 3, 4 குழந்தை தான் திரும்பாம மிச்சம் இருக்கும். அதனால 36 வாரம் ஆகியும் அப்படியே இருந்தா தான் உக்காந்து யோசிக்கணும், இத நான் எழுதறதும் அவங்களுக்கு தான்.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். 36 வாரத்துல தெரிஞ்சா உங்க கையில ரெண்டு மூணு வாரம் இருக்கு. அந்த வாரங்கள நம்ம ஊர்ல ரெண்டு விதமா வீணடிக்கறாங்க. ஒண்ணு, டாக்டர் "ப்ரீச்மா, சிசேரியன் தான், தேதி பாத்து சொல்லுங்க"ன்னு சொன்ன உடனே ஜோசியர்ட்ட ஓடறது. இன்னொண்ணு, "அதெல்லாம் தானா திரும்பிடும், என் அக்கா பொண்ணுக்கு வலி வந்தப்பறம் தான் திரும்புச்சு"ன்னு கையக் கட்டிட்டு உக்காந்துடறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல கேக்க வேண்டிய கேள்வி நெறைய இருக்கு.

எந்த மாதிரி ப்ரீச், அத தெரிஞ்சுக்கோங்க

மேல விலா எலும்புக்கு கீழ கெட்டியா உருண்டையா ஒண்ணு தட்டுப்பட்டு, ஒதை எல்லாம் கீழ மூத்திரப்பை பக்கமே விழுந்துட்டு இருந்தா சந்தேகப்படலாம், செக்கப்ல குழந்தையோட ஹார்ட் பீட்டும் தொப்புளுக்கு மேல கேக்கும். ஆனா கையால தடவிப் பாத்து சொல்றதுல அனுபவம் உள்ளவங்களுக்கே தப்பு வரும், அதனால 36 வாரத்த ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணாம எந்த முடிவும் எடுக்காதீங்க.

அந்த ஸ்கேன்ல வெறும் ப்ரீச்ங்கற வார்த்தையோட திரும்பி வராதீங்க. மூணு விதம் இருக்கு. ரெண்டு காலையும் நேரா மேல தூக்கி பாதம் முகத்துக்கிட்ட இருக்கற மாதிரி மடிஞ்சு, பின்பக்கம் மட்டும் கீழ இருந்தா ஃபிராங்க் ப்ரீச், நெறமாசத்துல இது தான் அதிகம். சம்மணம் போட்ட மாதிரி இருந்தா கம்ப்ளீட். ஒரு காலோ ரெண்டு காலோ பின்பக்கத்துக்கும் கீழ தொங்கிட்டு இருந்தா ஃபுட்லிங், இது தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டிய ஆள், ஏன்னா கால் சின்னது, கர்ப்பப்பை வாய அது அடைக்காது, பனிக்குடம் உடைஞ்சா தொப்புள்கொடி அந்த இடுக்கு வழியா நழுவி வெளிய வந்துடலாம். இது எந்த வகைன்னு கேளுங்க. கூடவே நஞ்சு (ப்ளசென்டா) எங்க ஒட்டியிருக்கு, பனிக்குடத் தண்ணி எவ்ளோ இருக்கு, குழந்தை எடை தோராயமா எவ்ளோ, கழுத்து முன்னால குனிஞ்சிருக்கா இல்ல அண்ணாந்து பாத்த மாதிரி பின்னால சாஞ்சிருக்கா, இதெல்லாம் கேளுங்க. கடைசி கேள்விய யாரும் கேக்கறதில்ல, நார்மல் டெலிவரி யோசிக்கறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

கழுத்துல கொடி சுத்தியிருக்குன்னு ரிப்போர்ட்ல இருந்தா வீட்ல தாய்மாமனுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு கெளம்பும். நாலு குழந்தைல ஒண்ணுக்கு கிட்டத்தட்ட கொடி சுத்தி தான் இருக்கும், அப்படி பாத்தா தமிழ்நாட்ல பாதி மாமன்மார் மிஞ்சியிருக்க மாட்டாங்க. விட்டுத் தள்ளுங்க.

ஏன் திரும்பலன்னு கேட்டா பல பேருக்கு காரணமே கிடைக்காது. சிலருக்கு தண்ணி ரொம்ப அதிகமா இல்ல ரொம்ப கம்மியா இருக்கும், நஞ்சு கீழ எறங்கி வழிய மறிச்சிருக்கும், ஃபைப்ராய்ட் கட்டி இருக்கும், கர்ப்பப்பைக்கு நடுவுல தடுப்பு மாதிரி இருக்கும், இரட்டைக் குழந்தையா இருக்கும். நீங்க வண்டி ஓட்டினது, வலது பக்கம் படுத்தது, கிரகணத்தப்போ வெளிய போனது, மாடிப்படி ஏறினது எதுவும் காரணம் இல்ல, யாராவது சொன்னா இத காட்டுங்க.

வீட்ல பண்றது

முழங்கால் போட்டு நெஞ்ச தரையில வச்சு இடுப்ப தூக்கி கொஞ்ச நேரம் இருக்கற பொசிஷன எல்லா பிரக்னன்சி யோகா கிளாஸ்லயும் சொல்லித் தர்றாங்க. இதனால குழந்தை திரும்புதுங்கறதுக்கு ஆராய்ச்சில உருப்படியான ஆதாரம் கிடைக்கல. தலை சுத்தல், பிபி, ரத்தக்கசிவு எதுவும் இல்லன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க, ஆனா இத நம்பி மத்த ஏற்பாட்ட தள்ளிப் போடாதீங்க. சீன வைத்தியத்துல கால் சுண்டுவிரல் ஓரத்துல மூலிகைக் குச்சிய பத்தவச்சு சூடு காட்டுவாங்க, மாக்ஸிபஷன்னு பேரு, அதுக்கு ஓரளவு பலன் இருக்கலாம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, ஆனா அத 33 லேர்ந்து 35 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அத முறையா தெரிஞ்சவங்க நம்ம பக்கம் கொஞ்சம் பேர் தான். வயித்து மேல ஐஸ் வைக்கறது, கீழ டார்ச் அடிக்கறது, பாட்டு போடறது எல்லாம் பொழுதுபோக்கு.

வயித்த தடவி விடறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர்ல ஒரு பாட்டி இருப்பாங்க, எத்தனையோ பிரசவம் பாத்தவங்க, வெளக்கெண்ணெய் தடவி திருப்பி விட்டுடுவாங்கன்னு சொல்லுவாங்க. அந்த பாட்டி மேல எனக்கு மரியாதை தான். ஆனா நஞ்சு எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு பாட்டிக்கு தெரியாது, அழுத்தின அழுத்தத்துல நஞ்சு பிஞ்சு உள்ளயே ரத்தம் போனா வெளிய தெரியவும் தெரியாது, குழந்தையோட ஹார்ட் பீட் எறங்கறத பாக்க அங்க மெஷினும் கிடையாது, பக்கத்து ரூம்ல ஆபரேஷன் தியேட்டரும் கிடையாது. இதே வேலைய டாக்டர் பண்ணும்போது இத்தனையும் இருக்கும்.

வெளிய இருந்து திருப்பி விடறது: ஈ.சி.வி.

பேரு எக்ஸ்டர்னல் செஃபாலிக் வெர்ஷன், ஆஸ்பத்திரில ஈ.சி.வி.ன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல ரொம்ப பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லப்படறதில்ல, அது தான் எனக்கு ஆதங்கம். தலைப்பிரசவம்னா 36 வாரத்துலயும், ஏற்கனவே பெத்தவங்களுக்கு 37 வாரத்துலயும் பண்ணலாம்னு இங்கிலாந்தோட ராயல் காலேஜ் ஆஃப் ஒப்ஸ்டெட்ரிஷியன்ஸ் அண்ட் கைனகாலஜிஸ்ட்ஸ், அதாவது ஆர்.சி.ஓ.ஜி., 2017-ல வந்த வழிகாட்டுதல்ல சொல்லுது. தியேட்டர் வசதி ரெடியா இருக்கற எடத்துல தான் பண்ணணும்.

நடக்கறது இது தான். மொதல்ல ஸ்கேன்ல பொசிஷன திரும்பவும் பாப்பாங்க, அன்னைக்கே குழந்தை தானா திரும்பியிருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் வயித்துல பெல்ட் கட்டி குழந்தையோட ஹார்ட் பீட்ட சி.டி.ஜி. மெஷின்ல கொஞ்ச நேரம் ஓட விடுவாங்க. கர்ப்பப்பை இறுகாம தளர்வா இருக்க டெர்ப்யூட்டலின் மாதிரி ஒரு ஊசி போடுவாங்க, அது போட்டதும் உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை லேசா நடுங்கும், பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடும், ஆனா இதய பிரச்சனை, தைராய்டு, சுகர் எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிடணும். அப்பறம் வயித்துல ஜெல் தடவி, ஒரு கையால குழந்தையோட பின்பக்கத்த இடுப்பெலும்புக்குள்ள இருந்து மேல தூக்கி, இன்னொரு கையால தலைய கீழ தள்ளி, குட்டிக்கரணம் அடிக்கற மாதிரி மெதுவா சுத்தி விடுவாங்க. நடு நடுவுல ஹார்ட் பீட் பாப்பாங்க. தள்ளற வேலை சில நிமிஷம் தான். வலிக்குமான்னா, நல்லாவே அழுத்தம் இருக்கும், சிலருக்கு தாங்கற மாதிரி இருக்கும், சிலருக்கு தாங்காது. நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்திடுவாங்க, அத முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. முடிஞ்சதும் மறுபடி சி.டி.ஜி., எல்லாம் சரியா இருந்தா அன்னைக்கே வீடு. உங்க ரத்தம் நெகட்டிவ் குரூப்னா ஆன்டி-டி ஊசி போடணும், அவங்க மறந்தாலும் நீங்க கேட்டு வாங்குங்க.

பலிக்கற வாய்ப்பு மொத்தமா பாத்தா பாதிக்குப் பாதி. தலைப்பிரசவக்காரங்களுக்கு 100-க்கு 40 பேருக்கும், ஏற்கனவே பெத்தவங்களுக்கு 60 பேருக்கும் திரும்புதுன்னு ஆர்.சி.ஓ.ஜி. கணக்கு. வயித்துத் தசை இறுக்கமா இருந்தாலோ, தண்ணி கம்மியா இருந்தாலோ, பின்பக்கம் ஏற்கனவே இடுப்புக்குள்ள ஆழமா எறங்கியிருந்தாலோ கஷ்டம். திரும்பினதுல மறுபடி பழைய பொசிஷனுக்கே போறது 100-க்கு 5-க்கும் கம்மி. ஆபத்துன்னா, 200 பேர்ல ஒருத்தருக்கு ஹார்ட் பீட் எறங்கியோ ரத்தம் போயோ அடுத்த 24 மணி நேரத்துக்குள்ள அவசர சிசேரியன் தேவைப்படலாம். அதுக்கு தான் தியேட்டர் பக்கத்துல இருக்கணும்னு சொன்னது.

நஞ்சு கீழ இருக்கறவங்க, சமீபத்துல ரத்தம் போனவங்க, பனிக்குடம் உடைஞ்சவங்க, ஹார்ட் பீட் டிரேஸ் சரியில்லாத குழந்தை, இரட்டைக் குழந்தை, வேற காரணத்துக்கே சிசேரியன் முடிவானவங்க, இவங்களுக்கெல்லாம் இது கிடையாது. மொத குழந்தை ஆபரேஷன்ல பொறந்திருந்தா உடனே முடியாதுன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொருத்தரயும் பாத்து முடிவு பண்ணுவாங்க.

உங்க டாக்டர் இது பண்றதில்லன்னு சொன்னா அவங்க மேல கோபப்படாதீங்க, கைப்பழக்கம் இல்லாதவங்க பண்ணாம இருக்கறது தான் நல்லது. "இத பண்ற எடத்துக்கு ஒரு லெட்டர் எழுதித் தர்றீங்களா"ன்னு கேளுங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள், பெரிய மகப்பேறு ஆஸ்பத்திரிகள்ல விசாரிக்கலாம். 38 வாரத்துல போய் கேக்காதீங்க, 36-லயே கேளுங்க.

திரும்பலன்னா: ஆபரேஷனா, நார்மலா

இங்க ஒரு பழைய கதை சொல்லியாகணும், இல்லன்னா டாக்டர்கள் ஏன் உடனே சிசேரியன்னு சொல்றாங்கன்னு புரியாது. 2000-ல லான்செட் பத்திரிகைல டெர்ம் ப்ரீச் டிரயல்னு ஒரு ஆய்வு வந்துச்சு, மேரி ஹன்னாங்கற கனடா டாக்டர் தலைமைல 26 நாட்டுல ரெண்டாயிரத்துக்கும் மேல பெண்கள வச்சு பண்ணது. திட்டமிட்டு சிசேரியன் பண்ணவங்க குழந்தைகள்ல 1.6 சதவீதமும், நார்மலுக்கு திட்டமிட்டவங்க குழந்தைகள்ல 5 சதவீதமும் இறந்துபோச்சு இல்ல கடுமையா பாதிக்கப்பட்டுச்சுன்னு முடிவு வந்துச்சு. அவ்ளோதான், உலகம் முழுக்க ப்ரீச்னா சிசேரியன்னு ஆயிடுச்சு. அப்பறம் அந்த ஆய்வுலயே குறை சொன்னாங்க, அனுபவம் கம்மியா உள்ளவங்க பாத்த கேஸும், எடுத்திருக்கவே கூடாத கேஸும் அதுல கலந்திருந்துச்சுன்னு. அதே குழந்தைகள ரெண்டு வயசுல பாத்தப்போ ரெண்டு குரூப்புக்கும் இறப்புலயும் வளர்ச்சிலயும் வித்தியாசம் தெரியல. பிரான்ஸ், பெல்ஜியம் ஆஸ்பத்திரிகள்ல நடந்த பிரெமோடா ஆய்வு 2006-ல வந்துச்சு, சரியா தேர்ந்தெடுத்து பழகின கையால பாத்தா நார்மல்லயும் பெரிய வித்தியாசம் இல்லன்னு அது சொல்லுச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு தலைமுறை டாக்டர்களுக்கு ப்ரீச் நார்மல் பாக்கற பழக்கமே விட்டுப்போச்சு.

ஆர்.சி.ஓ.ஜி. 2017-ல குடுத்த கணக்கு இது. 39 வாரத்துக்கு மேல திட்டமிட்ட சிசேரியன்ல குழந்தை இறக்கற வாய்ப்பு 2000-க்கு 1, திட்டமிட்ட ப்ரீச் நார்மல்ல 1000-க்கு 2, தலை கீழ இருக்கற சாதாரண நார்மல்ல 1000-க்கு 1. எல்லாமே சின்ன நம்பர் தான், ஆனா நாலு மடங்கு வித்தியாசம் இருக்கறதும் உண்மை. இன்னொண்ணு, நார்மலுக்கு திட்டமிட்டவங்கள்ல 100-க்கு 40 பேருக்கு கிட்ட கடைசில வலியோட அவசர சிசேரியன்ல முடியுது. இத கணக்குல எடுத்துக்காம முடிவு பண்ணாதீங்க, அவசரத்துல பண்ற ஆபரேஷன் அம்மாவுக்கு திட்டமிட்டு பண்றத விட கஷ்டம்.

ப்ரீச்ல ஏன் ஆபத்துன்னா, குழந்தை உடம்புல பெரிய பாகம் தலை, அது தான் கடைசில வருது. உடம்பு வெளிய வந்ததுக்கப்பறம் தலை வர லேட்டானா கொடி நசுங்கி மூச்சு குறையும். அந்த சில நிமிஷம் பாக்கறவங்களுக்கு கை நிதானம் வேணும், இழுக்காம காத்திருக்கத் தெரியணும், தேவைன்னா எப்ப எப்படி உதவணும்னு தெரியணும். அதனால நார்மல் வேணும்னு நெனச்சா டாக்டர்கிட்ட "பண்ணலாமா"ன்னு மட்டும் கேக்காதீங்க. "நீங்க கடைசியா எப்ப ப்ரீச் நார்மல் பாத்தீங்க? எனக்கு வலி வர்ற நேரம் ராத்திரி ரெண்டு மணின்னா யார் இருப்பாங்க? மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் உள்ளயே இருப்பாங்களா, கூப்பிட்டா வர்றவங்களா?" இப்படி கேளுங்க. பதில்ல தடுமாற்றம் இருந்தா உங்களுக்கு விடை கிடைச்சுடுச்சு. ஃபுட்லிங், கழுத்து அண்ணாந்திருக்கறது, 3.8 கிலோவுக்கு மேல எடை, வளர்ச்சி கம்மியா உள்ள குழந்தை, இதுல எது இருந்தாலும் நார்மல் பேச்சே எடுக்க வேண்டாம்.

சிசேரியனுக்கும் விலை உண்டு, ஆனா அத குடுக்கறது அம்மா, அதுவும் பெரும்பாலும் அடுத்த பிரசவத்துல. தழும்பு மேல நஞ்சு ஒட்டிக்கறது, நஞ்சு கீழ எறங்கறது, அடுத்த தடவை நார்மல் முயற்சி பண்ணா 200-க்கு ஒருத்தருக்கு தழும்பு பிரியறது, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இந்த ஆபத்து கூடிட்டே போகும். ஒரு குழந்தையோ ரெண்டோ போதும்னு நெனக்கறவங்களுக்கும் நாலு பெத்துக்க ஆசைப்படறவங்களுக்கும் இதனால ஒரே முடிவு வராது. அடுத்த பிரசவம் நார்மல் ஆகவே ஆகாதுன்னும் இல்ல, ஒரு தடவை சிசேரியன் ஆகி அடுத்தத நார்மலுக்கு முயற்சி பண்றவங்கள்ல நாலுல மூணு பேருக்கு கிட்ட நடக்குது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்ல 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன், தனியார்ல 64. அதனால சிசேரியன்னு சொன்னாலே காசுக்காக சொல்றாங்களோன்னு வர்ற சந்தேகம் நியாயமானது தான். ஆனா ப்ரீச் அந்த சந்தேகத்துக்கான எடம் இல்ல. என்னைக் கேட்டா, இன்னைக்கு நம்ம ஊர் நெலமைல உண்மையான முடிவு ஈ.சி.வி.ல இருக்கு, அது பலிக்கலன்னா, பழகின டீம் கையில இல்லன்னா, 39 வாரத்துல நிம்மதியா சிசேரியன் பண்ணிக்கறது தான் சரி. "நார்மல்ல பெக்க முடியல"ன்னு யாராவது இழுத்தா காதுல வாங்காதீங்க.

தேதி, நேரம், ஊர்

நல்ல நாள் பாக்கறதுல எனக்கு சண்டை இல்ல, 39 வாரத்துக்கு மேல உள்ள நாட்கள்ல ராகுகாலம் எமகண்டம் தவிர்த்து எது வேணா பாத்துக்கோங்க. ஆனா நட்சத்திரம் நல்லா இருக்குன்னு 37 வாரத்துலயே எடுக்கச் சொல்லி டாக்டர நச்சரிக்காதீங்க, வலி வராம சீக்கிரம் எடுத்த குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்து என்.ஐ.சி.யூ.ல, அதாவது பச்சக்குழந்தைங்களுக்கான ஐ.சி.யூ.ல வைக்க வேண்டி வர்றது அதிகம். அப்பறம் விடியக்காலை மூணேகாலுக்கு முகூர்த்தம்னு தூங்காத டாக்டர் கையில ஆபரேஷன் பண்ணிக்கறதும் புத்திசாலித்தனம் இல்ல.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போறவங்க இன்னொண்ணு யோசிங்க. வளைகாப்பு முடிஞ்சு ஊருக்கு போனா அங்க இருக்கற டாக்டருக்கு உங்க கேஸ் புதுசு. எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ரத்த குரூப்பும், கர்ப்பத்த அரசுல பதிவு பண்ணப்ப குடுத்த பிக்மி நம்பரும் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். அங்க உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துல ப்ரீச் பிரசவம் பாக்க மாட்டாங்க, 24 மணி நேரமும் தியேட்டர் ஓடற சீமாங் சென்டருக்கோ ஜி.ஹெச்.க்கோ தான் அனுப்புவாங்க, அது வீட்ல இருந்து எவ்ளோ தூரம்னு ஒரு தடவை போய் பாத்துட்டு வாங்க. அரசு ஆஸ்பத்திரில சிசேரியனுக்கும் காசு கிடையாது, மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்த பிக்மி நம்பர் தான் வேணும்.

தேதிக்கு முன்னாடியே வலி வந்தா இல்ல பனிக்குடம் உடைஞ்சா என்ன பண்றதுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். தலை கீழ இருக்கறவங்க மாதிரி குளிச்சுட்டு சாப்பிட்டுட்டு மெதுவா போலாம்னு இருக்கக்கூடாது, உடனே 108 இல்ல வண்டி. எதுவும் சாப்பிடாதீங்க. கீழ கொடி மாதிரி வழவழன்னு ஏதாவது தட்டுப்பட்டாலோ வெளிய தெரிஞ்சாலோ அத உள்ள தள்ளப் பாக்காதீங்க, முழங்கால் போட்டு தலைய கீழ வச்சு இடுப்ப தூக்கி இருங்க, வண்டில ஏத்தினதும் இடது பக்கமா படுத்து இடுப்புக்கு அடியில தலகாணி வைங்க, போன்லயே ஆஸ்பத்திரிக்கு "ப்ரீச், கொடி வெளிய வந்திருக்கு"ன்னு சொல்லிடுங்க, தியேட்டர ரெடி பண்ணிடுவாங்க. இது அடிக்கடி நடக்காது, ஆனா நடந்தா நிமிஷக் கணக்கு தான்.

ஆபரேஷன் நாள்

தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஸ்கேன் வச்சு பாக்கச் சொல்லுங்க, கடைசி நேரத்துல திரும்பின குழந்தைங்க உண்டு. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி சாப்பாட்ட நிறுத்தணும், பால், காபி கூட சாப்பாடு கணக்கு தான், வெறும் தண்ணி எப்ப வரைக்கும்னு அவங்க சொல்றத கேளுங்க. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மரத்துப்போகும், நீங்க முழிச்சிட்டு தான் இருப்பீங்க, வலி தெரியாது, ஆனா இழுக்கறதும் அழுத்தறதும் தெரியும். குழந்தைய எடுத்ததும் நெஞ்சு மேல போடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, மொத ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கறத தள்ளிப் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் "தண்ணி குடிச்சா வயிறு பெருசாயிடும், புண்ணுல சீழ் வெக்கும்"னு தண்ணிய அளந்து குடுப்பாங்க. கேக்காதீங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு தண்ணி கொறஞ்சு, படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கற ஆபத்து இருக்கு, பால் குடுக்கறவங்களுக்கு தாகமும் ஜாஸ்தி. குடிங்க, எழுந்து நடங்க. குழந்தைய விட கனமானது எதையும் கொஞ்ச நாள் தூக்காதீங்க. அடுத்த குழந்தைக்கு ஒன்றரை, ரெண்டு வருஷமாவது இடைவெளி விடுங்க.

குழந்தையோட இடுப்பு

இத யாருமே சொல்றதில்ல, ஆனா எல்லா ப்ரீச் குழந்தைக்கும் பொருந்தும், சிசேரியன்ல பொறந்திருந்தாலும், ஈ.சி.வி. பண்ணி திருப்பியிருந்தாலும். வயித்துக்குள்ள அப்படி மடிஞ்சு இருந்ததால இடுப்பு மூட்டுல தொடையெலும்பு சரியா பொருந்தாம இருக்கற வாய்ப்பு இந்த குழந்தைங்களுக்கு ஜாஸ்தி, பொண் குழந்தைன்னா இன்னும் ஜாஸ்தி. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒரு பெல்ட் மாதிரி போட்டே சரி பண்ணிடலாம். நடக்க ஆரம்பிச்சு விந்தி விந்தி நடக்கும்போது கண்டுபிடிச்சா ஆபரேஷன் வரைக்கும் போகும்.

ஃபிராங்க் ப்ரீச்ல பொறந்த குழந்தை மொத கொஞ்ச நாள் காலை முகத்துக்கிட்டயே தூக்கி வச்சுக்கிட்டு இருக்கும், பாக்க விசித்திரமா இருக்கும், தானா எறங்கிடும். கால் வளைஞ்சிருக்குன்னு குளிப்பாட்ட வர்ற பாட்டி எண்ணெய் தேச்சு ரெண்டு காலையும் சேத்து புடிச்சு நீட்டி உருவி விட ஆரம்பிப்பாங்க பாருங்க, அத தடுத்துடுங்க. தலைகீழா கால புடிச்சு தூக்கி உதறவும் விடாதீங்க. எண்ணெய் தேய்க்கறது தப்பில்ல, இழுக்கறது தான் தப்பு. துணில சுத்தும்போது மேல்பாதிய மட்டும் சுத்துங்க, கால் ரெண்டும் தவளை மாதிரி மடங்கி விரிஞ்சு அசையற மாதிரி விட்டுடுங்க. கழுத்து நின்னப்பறம் நம்ம ஊர் பழக்கப்படி இடுப்புல உக்கார வச்சு தூக்கறது இடுப்பு மூட்டுக்கு நல்லது தான்.

டிஸ்சார்ஜ் ஆகறப்போ குழந்தை டாக்டர் இடுப்ப அசைச்சு பாத்தாரான்னு கேளுங்க, டிஸ்சார்ஜ் சம்மரில ப்ரீச்னு எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுதச் சொல்லுங்க. ஆறு வாரம் ஆனதும் இடுப்புக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்கணும். பென்டாவேலன்ட் தடுப்பூசிக்கு போற வாரமும் அதே தான், அன்னைக்கே அந்த ஸ்கேனுக்கு சீட்டு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க.